குழந்தையின் அரைத்துணி

குழந்தைப் பருவத்தைத் தமிழ்ப் புலவர்கள் கண்டு மகிழ்ந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. பிள்ளைத்தமிழ் என்று தனியொரு நூல்வகையே வகுத்து, காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று பருவம் பருவமாகப் பாடி வைத்தார்கள். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவதும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆயின் ஆடிய குழந்தையின் அரையிற் கட்டிய துணி நனைந்ததும், அதனைத் துவைத்து உலர்த்தியவர் இன்னார் என்பதும் பாட்டுக்குரிய பொருளாகத் தோன்றவில்லை போலும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தத் துணியைப் பற்றித்தான்.

பொருள் சிறிது. இதனை வானொலியிற் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். எனினும் பதுளை மாவட்டத்துத் தோட்டப்புறப் பாடசாலைகளில் நெடுங்காலம் பணியாற்றி வருபவன் என்ற முறையில், இச்சிறு பொருளோடு ஒரு தாயின் நாட்சம்பளமும், ஒரு லயத்தின் குடிநீரும், ஒரு மாணவியின் கல்வியும் பிணைந்து கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். கண்டதைச் சொல்லுகிறேன்.

எமது பாடசாலையில் எட்டாந் தரத்திற் பயின்ற மாணவி ஒருத்தியின் வரவுப் பதிவில் ஒரு புதுமை இருந்தது. மலைப்பாதை வழுக்குவதால் மழைநாட்களிற் பிள்ளைகள் வராதிருப்பது எமக்குப் பழகிப்போன செய்தி. இம்மாணவியோ மழையில் நனைந்துகொண்டு வருவாள். நான்கு நாள் மழை பெய்து ஐந்தாம் நாள் வெயில் எறித்தால் அன்று வரமாட்டாள். வகுப்பாசிரியை கேட்டதற்குத் தலைகுனிந்து நின்றாளேயன்றி மறுமொழி கூறவில்லை. காரணம் எமக்கு விளங்கவும் இல்லை.

அவ்வாண்டு கார்த்திகை மழையில் பாடசாலைக்குக் கீழுள்ள மதகு அடைத்துக்கொண்டு, வெள்ளம் லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்களுக்குள்ளே புகுந்தது. மழை விட்டபின் பெற்றாரும் ஆசிரியரும் சேர்ந்து சிரமதானம் செய்தோம். மதகின் வாயிலிருந்து நாங்கள் வாரி எடுத்தவற்றில் இலைதழைகள் பாதி. பயன்படுத்தி எறிந்த பம்பஸ்கள் பாதி. நீர் குடித்துப் பருத்துத் தலையணை போல் உப்பியிருந்தன அவை. அடுத்த பெற்றார் கூட்டத்தில் நான் மிகுந்த ஆவேசத்தோடு பேசினேன். எம் பாட்டிமார் பம்பஸா கட்டினார்கள்? பழந்துணியைக் கட்டி வளர்க்கவில்லையா? துணிக்குத் திரும்புங்கள் என்று முழங்கினேன். அப்பொழுது பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து நின்றார்.

“சேர், நீங்க சொல்றது சரிதான். எங்க வீட்டுல துணிதான் கட்டுறோம். ஆனா அதத் தொவைக்கிறது யாருன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

அவர் அம்மாணவியின் தாய் என்பதைப் பின்னரே அறிந்தேன். வெயில் நாளின் புதிரும் அன்றுதான் விடுபட்டது. தாய் காலை ஏழரைக்குள் கொழுந்துக்குப் போய்விடுவார். பாட்டிக்கு முழங்கால் வலி. பீலிக்குச் செல்லும் படியை இறங்க முடியாது. மழை நாட்களிற் குவிந்த குழந்தைத் துணிகளை வெயில் கண்ட அன்றே துவைத்து உலர்த்தியாக வேண்டும். அதற்கு வீட்டில் இருந்தவள் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியே.

அன்று முதல் இவ்விடயத்தை ஆவேசத்தால் அன்றிக் கணக்கால் ஆராய வேண்டும் என்று எண்ணினேன். துணியோ பம்பஸோ, இரண்டில் எதுவும் முழு நன்மையும் அன்று. முழுத் தீமையும் அன்று. பணம், உடல்நலம், மண்ணும் நீரும், உழைப்பு என்னும் நான்கு துலாக்கோல்களிலும் இரண்டினையும் நிறுத்துப் பார்ப்பதே முறை. அதற்கு முன்னர் பம்பஸ் என்பது யாது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

ஒருமுறை உடுத்தி எறியும் இவ்வகை அரையாடைக்குப் பம்பஸ் என்பது உண்மையில் ஒரு வணிகக் குறியின் பெயர். கடையில் எந்த நிறுவனத்தின் பொருளை வாங்கினும் அப்பெயராலேயே கேட்கும் வழக்கம் எம் நாட்டில் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் மேரியன் டொனவன் என்னும் பெண்மணி, இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, துணிக்கு மேலே அணிவிக்கும் நீர்புகா உறையொன்றை ஆக்கினார். 1951இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் விக்டர் மில்ஸ் என்னும் பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் முழுவதும் எறியத்தக்க அரையாடையை உருவாக்கினர்; 1961இல் அது பம்பர்ஸ் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. மில்ஸ் தம் பேரக்குழந்தையின் துணியை மாற்றும் வேலையை வெறுத்தே இம்முயற்சியில் இறங்கினார் என்பர். ஆக, இப்பொருளின் பிறப்பிலேயே “துவைப்பவர் யார்” என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

அக்காலத்துப் பம்பஸினுள் மரக்கூழ்ப் பஞ்சும் தாளுமே இருந்தன. 1980களில் சோடியம் பொலியக்கிரிலேற்று என்னும் வெண்மணற் போன்ற பொருள் அதனுள்ளே இடம்பெற்றது. இது தூய நீரைத் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலாக உறிஞ்சிக் கூழாக மாற வல்லது. சிறுநீரில் உப்புக் கலந்திருப்பதால் அத்துணை உறிஞ்சாது. எனினும் ஏறத்தாழ முப்பது மடங்கையாவது பிடித்து வைத்துக்கொள்ளும். எமது விஞ்ஞான ஆசிரியை இதனை வகுப்பிற் செய்து காட்டினார். புதிய பம்பஸ் ஒன்றைக் கிழித்து, உள்ளிருந்த பொடியைக் கண்ணாடிக் குவளையில் இட்டு நீர் ஊற்றினார்; குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு துளி சிந்தவில்லை. பின்னர் ஒரு கரண்டி உப்பைத் தூவிக் கலக்கினார். கூழ் இளகி நீராய் வழிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்பொடிக்கு மேலே, குழந்தையின் உடலில் படும் பக்கத்தில், ஈரத்தை உள்ளே விட்டு மீளவிடாத பொலிப்புரொப்பிலீன் மென்படலமும், வெளிப்புறத்தில் கசிவைத் தடுக்கும் பொலித்தீன் படலமும் அமைந்திருக்கின்றன. வெளித்தோற்றத்திற் பஞ்சுத் துணிபோல் இருப்பினும், பெரும்பகுதி பிளாத்திக்கினால் ஆனதே பம்பஸ் என்பதை மறத்தலாகாது.

இனி முதலாவது துலாக்கோல், பணம். பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறையும், வளர்ந்தபின் ஐந்தாறு முறையும் துணி மாற்ற வேண்டியிருக்கும். சராசரி ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆண்டுகளில் மூவாயிரத்து அறுநூறுக்கு மேலாகும். பம்பஸின் விலை கடைக்குக் கடை, அளவுக்கு அளவு வேறுபடும். கணக்கின் பொருட்டு ஒன்று 60 ரூபா எனக் கொள்வோம். நாளைக்கு ஐந்து எனில் 300 ரூபா. மாதத்துக்கு 9000 ரூபா. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பின்னையதைக் கொண்டு பார்ப்பினும், கொழுந்தெடுக்கும் தாய் மாதத்தில் ஆறரை நாளுக்கு மேல் பம்பஸுக்காக மட்டுமே மலையேற வேண்டும். இரவுக்கு ஒன்று மட்டும் எனின் மாதம் 1800 ரூபா. ஒன்றேகால் நாட்சம்பளத்துக்குச் சற்று மேல். விலையும் சம்பளமும் மாறுந்தோறும் நேயர்கள் இக்கணக்கைத் தாமே திருத்திக்கொள்ளலாம். 2022இல் நாட்டில் விலைவாசி கட்டுக்கடங்காது உயர்ந்த காலத்தில், பம்பஸை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் திகைத்து நின்றதை நாம் கண்டோம். அவ்வேளை பழஞ்சேலையைக் கிழிக்கத் தெரிந்த பாட்டிமாரே வீட்டைக் காத்தார்கள்.

துணிக்குச் செலவே இல்லையா என்றால், உண்டு. சவர்க்காரம் வேண்டும், கொதிக்கவைக்க விறகு வேண்டும். ஆயினும் நைந்த பருத்திச் சேலையிலும் பழைய சாரத்திலும் கிழித்தெடுத்த இருபது இருபத்துநான்கு துணிகள், ஒரு குழந்தைக்குப் போதும். அடுத்த குழந்தைக்கும் மிஞ்சும்.

இரண்டாவது துலாக்கோல், உடல்நலம். அரையிற் சிவந்து புண்ணாவதைத் துணியின் குற்றம் என்பாரும் பம்பஸின் குற்றம் என்பாரும் உளர். உண்மையில் அது ஈரத்தின் குற்றம். நனைந்த தோல் ஊறி மென்மையாகி, உராய்வினால் எளிதிற் சிதைகிறது. மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. அதனாற் காரத்தன்மை மிகுந்து, மலத்திலுள்ள நொதியங்கள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. அப்புண்ணில் பின்னர் பங்கசும் பற்றிக்கொள்ளும். பம்பஸ் ஈரத்தைத் தோலிலிருந்து அகற்றி வைப்பதில் துணியினும் வல்லது. ஆயின் அந்த வல்லமையே சோம்பலுக்கும் இடந்தருகிறது. மேலே உலர்ந்திருக்கிறதே என்று காலை கட்டியதை மாலை வரை விட்டுவைப்பார் உளர். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று நிறையும் வரை காத்திருப்பாரும் உளர். துணி நனைந்தால் குழந்தை அழுது அறிவித்துவிடும்; அவ்வகையில் அது நேர்மையானது. எதனைக் கட்டினும், மலம் பட்டவுடனும், ஈரமானால் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் மாற்றுதல் வேண்டும். துடைக்கும்போது, அதிலும் பெண் குழந்தைக்கு, முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மாவுபோன்ற பவுடரை அள்ளித் தூவுதல் வேண்டா. அத்தூள் மூச்சோடு உட்செல்லும். சிவப்பு இரண்டு மூன்று நாளில் ஆறாவிடின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது துலாக்கோல், மண்ணும் நீரும். இங்கே ஊவாவின் நில அமைப்பை நினைத்தல் வேண்டும். எமது லயங்கள் மலைச்சரிவில் இருப்பவை. மேல் லயத்துக் கானில் எறிந்தது கீழ் லயத்துப் பீலிக்கு வரும். ஹாலி எல, தெமோதரைப் பக்கத்து ஓடைகள் பதுளு ஓயாவிற் கலக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் நின்று வியக்கும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாகப் பாய்வதும் அதே பதுளு ஓயா; பின்னர் அது மகாவலியோடு சேர்கிறது. மேலே ஒரு வீட்டார் இரவோடிரவாக எறிந்துவிட்டுக் கை கழுவிய பொருள், கீழே பல ஊர்களின் நீரில் தங்குகிறது.

பயன்படுத்திய பம்பஸ் ஒன்று ஏறத்தாழ 200 கிராம் நிறை கொள்ளலாம். இரண்டு ஆண்டுக் கணக்கில் ஒரு குழந்தையின் குப்பை 700 கிலோகிராமுக்கு மேல். இதனை எங்கே இடுவது? மலசலகூடக் குழியில் இட்டால் பருத்து அடைத்துவிடும். தேயிலை மலையில் எறிந்தால் நாயும் காட்டுப்பன்றியும் இழுத்துப் பரப்பும். தீயிட்டால் நச்சுப் புகை எழும். பிளாத்திக்கு அடங்கிய குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் சட்டத்தாலும் தடுக்கப்பட்டிருக்கிறது. பட்டணத்திலாயின் குப்பை வண்டி வரும். தோட்டத்தின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடந்தராத வகையில் நெடுங்காலம் விளங்கிற்று. 2018இலேதான் அதற்குத் திருத்தம் வந்தது. சட்டம் திருந்தியது, ஆனால் வண்டி எல்லா லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று நான் சொல்ல இயலாது. எனவே மதகில் பம்பஸ் எறிந்த தாயை மட்டும் குற்றவாளியாக்கி நான் முழங்கியது நியாயமன்று. இடுவதற்கு இடங்காட்டாமல் எறியாதே என்று மட்டும் கூறுவது அறிவுரையாகாது.

இது எமக்கு மட்டும் உரிய துன்பமும் அன்று. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், குழந்தையின் மலம் பட்டதைத் தீயிலிட்டால் குழந்தையின் உடம்பில் எரிகாயம்போற் புண் தோன்றும் என்றொரு நம்பிக்கை உண்டு. அதனால் அங்குள்ள பலர் பம்பஸை எரிக்காமற் பிரந்தாஸ் ஆற்றில் எறியலாயினர். குழந்தைமேல் வைத்த அன்பே ஆற்றுக்குக் கேடாய் முடிந்தது. அந்த ஆற்றங்கரைத் தாய்மாரையும் எமது லயத்துத் தாய்மாரையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால், அறிவின்மை என்று கூறி ஒதுக்கிவிடுவது எத்துணை எளிது, எத்துணைப் பிழை என்பது விளங்கும்.

அவ்வாறாயின் துணிதான் மண்ணுக்கு உகந்ததோ? பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் இதனைப் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கிட்டு 2005இலும் 2008இலும் அறிக்கைகள் வெளியிட்டது. இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு ஒரு குழந்தையின் எறியும் அரையாடையால் ஏறக்குறைய 550 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பக்கேடும், சராசரியாகத் துவைக்கப்படும் துணியால் ஏறக்குறைய 570 கிலோகிராமும் விளைவதாக 2008ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. வேறுபாடு அற்பம். ஏனெனில் அந்நாட்டார் பொறியிலிட்டு வெந்நீரில் துவைப்பவர்கள்; பொறியிலேயே உலர்த்துவோரும் அவருள் உளர். அத்துணியையே கொடியில் உலர்த்தி, பொறி நிறையத் துவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் கேடு ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறையும் என்றும் அவ்வறிக்கை காட்டியது. ஆகவே மண்ணுக்கு நன்மை செய்வது துணி அன்று. துணியைத் துவைத்து உலர்த்தும் முறையே. எமது லயங்களில் துவைப்பொறியும் இல்லை, உலர்த்தும் பொறியும் இல்லை; கை உண்டு, காற்று உண்டு. அக்கணக்குப்படி எமது துணி உலகிலேயே தூய துணிகளுள் ஒன்றாகலாம். ஆனால் அக்கணக்கில் மின்சாரம் எழுதப்பட்டிருக்கிறது, நீர் எழுதப்பட்டிருக்கிறது, துவைப்பவளின் முதுகு எழுதப்படவில்லை.

இதுவே நான்காவது துலாக்கோல், உழைப்பு. தோட்டத்துத் தாய்க்கு மகப்பேற்று விடுமுறை உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. எத்தனையாவது குழந்தையாயினும் பன்னிரண்டு கிழமை விடுமுறை என்று 2018ஆம் ஆண்டின் திருத்தம் ஆக்கிற்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட வேலைநேரத்தில் இடைவேளையும் சட்டத்தில் உண்டு. ஆனால் துணி துவைக்க இடைவேளை எச்சட்டத்திலும் இல்லை. மலையிலிருந்து மாலை இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைமடுவத்திற் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வருபவருக்கு அடுப்பும் இருட்டும் ஒன்றாக வருகின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; பல குடும்பத்துக்கு ஒரு பீலி. நாளொன்றின் குழந்தைத் துணிகளை நன்றாகத் துவைத்து அலச நான்கு ஐந்து வாளி நீரும் ஒரு மணி நேரமும் வேண்டும். அந்த நேரம் தாயிடம் இல்லாதபோது அது பாட்டியிடமிருந்தோ மூத்த மகளிடமிருந்தோ எடுக்கப்படுகிறது. மூத்த மகனிடமிருந்து எடுக்கப்பட்டதை என் வரவுப் பதிவேட்டில் நான் ஒருபோதும் கண்டதில்லை.

இவை நான்கையும் சேர்த்துப் பார்த்து, எமது தோட்டப்புறத்துக்கு ஏற்றவை என நான் கருதுவனவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, காலத்தையறிந்து நடத்தல். யூலை முதல் செத்தெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கத்தில் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருவது அந்த வறண்ட காற்றே. கொழுந்துக்கு மணந்தரும் அக்காற்று கொடியிலுள்ள துணியையும் இரண்டு மணி நேரத்தில் உலர்த்தித் தரும். அக்காலத்திற் பகலில் துணியே போதும். நவம்பர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும் சூழும்போது துணி மூன்று நாளாயினும் உலராது; அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினால் புகைநாற்றம் ஏறும். அரையீரத் துணியைக் கட்டுவது புண்ணுக்கு வழி. அந்நாட்களில் இரவுக்கு ஒரு பம்பஸும், வைத்தியசாலைக்கோ நெடுந்தூரப் பேருந்துப் பயணத்துக்கோ ஒன்றும் வைத்துக்கொள்வது ஊதாரித்தனம் அன்று. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை ஓர் இரவு அயர்ந்து தூங்கினால் தாயும் தூங்குவாள். காலையில் மலையேறுபவளுக்குத் தூக்கமும் ஒரு மருந்தே.

இரண்டாவது, துவைக்கும் முறை. துணியிலுள்ள மலத்தை மலசலகூடத்தில் நீக்கிய பின்னரே துணியைத் துவைக்குமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பீலியின் வாயிலும், குடிநீர் எடுக்கும் ஓடையின் மேற்பக்கத்திலும் துவைத்தல் கூடவே கூடாது. பாற்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று பலர் எண்ணுவது பெரும்பிழை. வயிற்றோட்டத்தைப் பரப்பும் கிருமிகள் அதிலும் உண்டு. துணிகளை மூடியுள்ள வாளியில் தனியே ஊறவைத்து, பிற உடைகளோடு கலவாது சவர்க்காரமிட்டுத் துவைத்து, சவர்க்காரம் முற்றும் நீங்க இருமுறை அலச வேண்டும். எஞ்சிய சவர்க்காரமும் தோலைக் கடிக்கும். கிழமைக்கு ஒரு முறையேனும், வயிற்றோட்டம் கண்ட காலத்தில் நாள்தோறும், கொதிநீரிலிட்டு எடுத்தல் நன்று. பின்னர் வெயிலில் விரித்து முற்றாக உலர்த்த வேண்டும். கடைசியாக, துவைத்தவர் தம் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

மூன்றாவது, பம்பஸை அகற்றும் முறை. அதிலும் மலத்தை மலசலகூடத்திற் கொட்டிவிட்டு, உட்புறமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டியாலேயே கட்டி, மூடியுள்ள தனிப்பெட்டியில் இட வேண்டும். வண்டி வரும் இடமாயின் வண்டியில் ஒப்படைக்கலாம். வராத இடமாயின், ஓடைக்கும் பீலிக்கும் நெடுந்தொலைவில், மழைநீர் பாயாத மேட்டில், ஆழ்ந்த குழியொன்றைத் தோண்டி இட்டு மண்ணால் மூடி வருதல் எரிப்பதினும் எறிவதினும் தீங்கு குறைந்தது. இஃது ஒரு தற்காலிக ஏற்பாடே. நிலையான தீர்வு தோட்ட நிருவாகமும் பிரதேச சபையும் சேர்ந்து செய்ய வேண்டியது; அதனைக் கேட்பது மக்களின் உரிமை.

நான்காவதும் தலையாயதும், உழைப்பைப் பகிர்தல். குழந்தை தாய் ஒருத்தியின் குழந்தை அன்று. தமக்கையின் குழந்தையும் அன்று. பெண் கொழுந்தெடுத்து வருமுன்னரே கவ்வாத்து முடித்தோ புல்வெட்டி முடித்தோ வீடு திரும்பும் ஆண்மகன், துணியைத் துவைத்தால் என்ன குறைந்துவிடும்? படை வீரர் தம் உடையைத் தாமே துவைக்கின்றனர். அதனால் அவர் ஆண்மை குன்றியதாக யாரும் கூறியதில்லை.

அந்தப் பெற்றார் கூட்டத்துக்குப் பின் எமது ஊரில் நடந்ததையும் கூறிவிடுகிறேன். பெரும் புரட்சி ஒன்றும் நிகழவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் பழைய தகரங்களைச் சேர்த்து, பீலிக்குக் கீழே நான்கு பக்கமும் காற்றுப் புகும் ஒரு கொட்டகை போட்டார்கள். மழைநாளிலும் அதனுள்ளே துணி ஒன்றரை நாளில் உலர்கிறது. துவைக்கும் கல்லுக்குத் தனிக் கான் வெட்டப்பட்டது. ஓர் இளந்தகப்பன் மாலையில் துணி வாளியோடு பீலிக்கு வரத் தொடங்கினார். முதற்கிழமை கேலி பேசினார்கள். இரண்டாங்கிழமை களைத்து ஓய்ந்தார்கள். பின்னர் வேறொருவரும் வாளியோடு வந்தார். இரண்டு பேர்தான். ஆயினும் இரண்டு பேர் வந்துவிட்டால் அது வழக்கத்தின் தொடக்கம்.

அம்மாணவி இப்பொழுது பத்தாந் தரத்திற் படிக்கிறாள். அவள் தம்பிக்கு அரைத்துணி தேவைப்படும் பருவம் கடந்துவிட்டது. எனினும் இழந்த பாடங்கள் எளிதில் மீள்வனவல்ல. கணிதத்தில் அவள் இன்னும் பின்தங்கியே நிற்கிறாள். மாலையில் அரைமணி நேரம் தனியே கற்பித்து வருகிறோம். மழை விட்டு வெயில் எறிக்கும் காலைகளில் வரவுப் பதிவேட்டை நான் இப்பொழுதும் சற்று நின்று பார்ப்பதுண்டு. இக்காலத்தில் யார் வரவில்லை என்பதைப் பார்த்தால், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆகவே, நேயர்களே, துணியா பம்பஸா என்று எவரேனும் உங்களைக் கேட்டால், விடை சொல்வதற்கு முன்னர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். துணியானால், துவைப்பவர் யார்? பம்பஸானால், அது போய்ச் சேரும் இடம் எது? இவ்விரண்டுக்கும் வீட்டிலுள்ள எல்லோரும் கூடியிருந்து விடை காணும் இல்லத்தில், குழந்தையும் நலமாயிருக்கும். அதன் தமக்கையும் பள்ளிக்கு வருவாள்.